இங்கே நன்றாகத்தான் வருகிறது

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். நாலு நல்ல வார்த்தை சொல்லி, பொன்னாடை போர்த்திக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போகிற ஆள் நானில்லை என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார்கள் என்றால் அது அவர்கள் தலைவிதி.

பெட்டிகளை எப்படி அமைப்பது, எந்தக் கட்டளையை எங்கே அடிப்பது என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது நான் எழுதிய ஒற்றை வரியைப் பற்றியும், போனில் நான் சொன்ன ஒரு பேச்சைப் பற்றியும்தான். அந்த இரண்டும் சேர்ந்து ஒரு மனிதரைக் கொன்றன. கொன்றன என்று எழுதுவதற்கே எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நான் போடிக்காரி. வேலை பார்த்தது தேனியில், இணையம் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு பங்கு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலக்காய்த் தோட்டங்களில் இருந்தார்கள். அந்தச் சரிவுகளில் பல இடத்தில் டவர் கிடைக்காது. மின்கம்பங்கள் வழியாகவே நாங்கள் கேபிள் இழுத்துக் கொடுத்த பிறகு, தோட்டத்து ஆட்கள் வைஃபை வழியாகவே போன் பேச ஆரம்பித்தார்கள். மலையில் நெட் என்பது படம் பார்க்க மட்டுமில்லை, போனே அதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்கு அது மனதில் இல்லை.

இனி எனிகாஸ்ட். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் பாஷையில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தர ஒரு மெஷின் வேண்டும். அது பதில் சொன்னால்தான் மற்றதெல்லாம் நகரும். முதலில் எங்களுக்கு அது சென்னையில் மட்டும் இருந்தது. மலையில் ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்க, கேள்வி சென்னைவரை போய்த் திரும்பும். பிறகு மதுரை, தேனி, போடிமெட்டு என்று மூன்று இடத்தில் மூன்று மெஷின் வைத்து, மூன்றுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்தோம். ஒவ்வொன்றும் ‘அந்த முகவரி என்னிடம்தான் இருக்கிறது’ என்று பக்கத்து ரூட்டர்களுக்கு அறிவிக்கும். கேள்வி தனக்குக் கிட்டத்தில் இருப்பதிடம் போகும். ஒன்று படுத்துவிட்டால் அதன் அறிவிப்பு நின்றுபோகும், கேள்வி தானாக அடுத்ததிடம் திரும்பிக்கொள்ளும். ஒரே பெயர்ப்பலகையோடு மூன்று ஊரில் கடை இருக்கிற மாதிரிதான். ஒரு கடை ஷட்டரை இறக்கிவிட்டால் ஆட்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

அருமையான ஏற்பாடு, அதில் சந்தேகமே இல்லை. மலையில் பக்கங்கள் பட்டென்று திறந்தன. ஒரு தடவை மதுரை மெஷினில் பவர் சப்ளை கருகி, அரை நாள் அது செத்துக் கிடந்தது. ஒரு புகார்கூட வரவில்லை. கேள்விகள் எல்லாம் தேனிக்குத் திரும்பியிருந்தன. அன்றைக்கு நான் பட்ட பெருமை இருக்கிறதே! பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புகார் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்ற நினைப்பு என் மண்டையில் ஏறியது அன்றைக்குத்தான்.

மெட்டில் இருந்த மெஷின் மட்டும் எங்களைப் படுத்தி எடுத்தது. அங்கே கரண்ட் ஒரு நிலையில் நிற்காது. கரண்ட் துள்ளும்போதெல்லாம் மெஷின் தனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து அறிவிப்பை நிறுத்தும், அரை நிமிஷத்தில் மறுபடி அறிவிக்கும், மறுபடி நிறுத்தும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மலையில் எல்லாருக்கும் திரை உறைந்து நிற்கும். ஏலக்காய் ஏலம் இப்போது திரையில்தானே நடக்கிறது. ஒரு தோட்ட முதலாளி பங்களாவில் உட்கார்ந்து தன் சரக்குக்கு விலை போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திரை நின்றுபோய்த் திரும்ப வந்தபோது, அவர் வேண்டாம் என்று சொல்ல நினைத்த விலைக்கே சரக்கு போய்விட்டது. மறுநாள் ஜீப்பைப் போட்டுக்கொண்டு தேனிக்கே இறங்கி வந்துவிட்டார்.

“ஏம்மா, நெட்டு குடுக்கிறீங்களா, கண்ணாமூச்சி ஆடுறீங்களா?” என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் மேலாளர் அவரைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். “என்ன செய்வீங்களோ எனக்குத் தெரியாது. மெட்டு மெஷின் இனிமே ஆடக் கூடாது.”

ஆடாமல் இருக்க ஒரு வழி உண்டு. மெஷின் நலமா இல்லையா என்று பார்க்காமலே, எப்போதும் அறிவித்துக்கொண்டே இரு என்று ரூட்டரில் ஒரு வரி எழுதினால் போதும். எழுதினேன். பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று குறிப்பும் போட்டேன். நல்ல பேட்டரி வைத்த பிறகு எடுத்துவிடலாம் என்று எண்ணம். ஆட்டம் நின்றது, முதலாளியின் சத்தம் நின்றது, அடுத்த வேலை வந்தது, அந்த வரி அங்கேயே கிடந்தது. இப்படிச் செய்தால் உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் கடை திறந்தே கிடக்கும், விளக்கு எரியும், வந்தவர்கள் அடுத்த கடைக்கும் போகாமல் அங்கேயே நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அது நடந்து சில மாதம் இருக்கும். பெருமழை பிடிப்பதற்கு முந்தின வாரம். தோட்டங்களில் அப்போது கவாத்து நடக்கும். ஏலச்செடிகளுக்கு நிழல் தரும் பெரிய மரங்களில் ஆள் ஏறி, கிளைகளைக் கழித்துவிடுவார்கள். அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும் உயரம். மழை பிடித்துவிட்டால் மரம் வழுக்கும், அதற்குள் முடித்தாக வேண்டும்.

மெட்டைத் தாண்டி ஒரு தோட்டத்தில் தங்கவேல் என்று ஒரு கங்காணி, ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். அவரிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. கவாத்து நாளில் தோட்டத்து ஜீப் ரோட்டு முனை டீக்கடையில் காத்து நிற்க வேண்டும். காலையில் அவர் டிரைவருக்கு ரிங் கொடுப்பார். டிரைவர் எடுத்து ‘நிக்கிறேன்’ என்று சொன்ன பிறகுதான் ஆள் மரம் ஏறலாம். ரிங் வராவிட்டால், இன்றைக்குக் கவாத்து இல்லை என்று டிரைவர் வேறு லோடுக்குப் போய்விடுவார். அந்த டீக்கடையிலும் டவர் கிடையாது, எங்கள் நெட்தான்.

அன்று விடியும் நேரத்தில் மலையில் இடியும் மின்னலுமாக இருந்தது. கரண்ட் நாலைந்து முறை போய் வந்தது. மெட்டு மெஷின் எழுந்துகொண்டது, ஆனால் பெயர் தேடித் தருகிற வேலையை மட்டும் அது தொடங்கவே இல்லை. பக்கத்தில் இருந்த ரூட்டரோ, நான் எழுதி வைத்தபடி, ‘இங்கே இருக்கிறது, இங்கே இருக்கிறது’ என்று அறிவித்துக்கொண்டே இருந்தது. மலையின் கேள்விகள் எல்லாம் அந்தச் செத்த மெஷினிடம் போய் விழுந்தன.

ஏழரை மணிக்கு எனக்குப் போன் வந்தது. தங்கவேல். தோட்டத்துக்கு மேலே இருபது நிமிஷம் ஏறினால் ஒரு பாறை இருக்கிறது, அங்கே மட்டும் ஒரு கோடு டவர் கிடைக்கும். அங்கிருந்து பேசினார். எல்லைப் பக்கம் இருந்து இருந்து மலையாளம் ஒட்டிக்கொண்டதால் அக்கா என்பதற்குச் சேச்சி என்பார்.

“சேச்சி, போன் போகமாட்டேங்குது. வைஃபை இருக்கு, ரிங்கு மட்டும் போகலை. டிரைவரைப் பிடிக்க முடியலை.”

என் முன்னால் திரையில் எல்லாம் பச்சை. தேனியில் உட்கார்ந்தபடி அந்த முகவரியைக் கேட்டுப் பார்த்தேன். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. வராதா பின்னே? எனக்குப் பதில் சொன்னது தேனி மெஷின். அவருக்குப் பதில் சொல்லாமல் கிடந்தது மெட்டு மெஷின். முகவரி ஒன்று, மெஷின் வேறு. இந்த ஏற்பாட்டை உட்கார்ந்து வரைந்தவளே நான்தான். அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

“இங்கே நல்லாத்தான் வருதுண்ணே” என்றேன். “வைஃபை பெட்டியை அணைச்சு ரெண்டு நிமிஷம் கழிச்சுப் போடுங்க.”

“போட்டுப் பாத்துட்டுத்தான் வர்றேன் சேச்சி. மலையில வேற யாருக்கும் இப்படி இருக்கா?”

“ஒருத்தர்கூடப் புகார் சொல்லலை. உங்க பெட்டிதான். இன்னொரு தடவை அணைச்சுப் போடுங்க. பச்சை விளக்கு நின்னு எரிஞ்சா லைன் சரின்னு அர்த்தம். போன் கொஞ்ச நேரத்துல தானா வந்துரும், டிரைவருக்கும் கிடைக்கும்.”

அவர் தயங்கினார். காற்று இரைவது கேட்டது. “அப்ப ஆளை ஏத்தலாமா சேச்சி? இன்னைக்கு விட்டா மழை பிடிச்சுக்கும்.”

“தாராளமா ஏத்துங்கண்ணே” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

புகார் எப்படி வரும்? எங்கள் லைனில் பேசுகிற அத்தனை பேருக்கும் போன் செத்துக் கிடந்தது. புகார் சொல்லும் வழியே அந்த மெஷின் வழியாகத்தான் போனது. ஒரே ஒரு மனிதர் வேலையைப் போட்டுவிட்டுப் பாறை ஏறி வந்து சொன்னார். அவரையும் நான் பெட்டியை அணைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். எனக்கு என் மேல் வருகிற ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பிறகு நடந்தது நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. தங்கவேல் இறங்கிப் போய்ப் பெட்டியை அணைத்துப் போட்டார். பச்சை விளக்கு நின்று எரிந்தது. எரியாமல் என்ன செய்யும், லைனில்தான் ஒரு குறையும் இல்லையே. கம்பெனியில் பொறுப்பான அம்மா சொல்லிவிட்டார், போன் வந்துவிடும் என்று நம்பி ஆட்களை ஏற்றினார். டீக்கடையில் டிரைவர் ஒன்பது மணிவரை பார்த்தார். ரிங் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போடிக்கு உர மூட்டை ஏற்றப் போய்விட்டார். பத்து மணி வாக்கில், முருகேசன் என்கிற தேவாரம் ஊர்க்காரர், கழித்த கிளை திரும்பி அடித்து மரத்திலிருந்து விழுந்தார்.

பதினோரு மணிக்குத் தங்கவேல் மறுபடி பாறையில் இருந்து பேசினார். மூச்சு வாங்கியது.

“சேச்சி, ஆளு விழுந்துட்டான். வயித்துல அடி. பேசுறான், ரத்தம் வெளிய தெரியலை, ஆனா வெளுத்துக்கிட்டே வர்றான். ரிங்கு போயிரும் போயிரும்னு அரை மணி நேரமா அடிச்சு அடிச்சுப் பாத்தோம். எம்போன்ல சார்ஜ் தீரப்போகுது, டிரைவர் நம்பரைக் குறிச்சுக்கிட்டு நீங்க ஜீப்பைப் பிடிங்க சேச்சி, வெரசா.”

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் கொடுத்த எண்ணை அழுத்தினேன். டிரைவர் போடி பஜாரில் இருந்ததால் எடுத்துவிட்டார். “யக்கா, ரிங்கே வரலையேக்கா! கவாத்து இல்லைன்னுல்ல நெனச்சேன்!” என்று பதறினார். மூட்டைகளைத் தெருவிலேயே தள்ளிவிட்டு வண்டியைத் திருப்பினார். ஆம்புலன்சுக்கும் சொன்னேன். அதுவும் போடியில் இருந்துதான் ஏற வேண்டும். வளைவுக்கு மேல் வளைவாக ஏறுகிற பாதை.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. மெட்டு மெஷினை அதன் சொந்த எண்ணில் தனியாகக் கூப்பிட்டு ஒரு பெயரைக் கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. ரூட்டருக்குள் போய் நான் எழுதிய வரியை அழித்தேன். அழித்துச் சில நொடியில் மலையின் கேள்விகள் மொத்தமும் தேனிக்குத் திரும்பின. அவ்வளவுதான் வேலை. காலையில் ஏழரைக்கே செய்திருக்கலாம். உடனே மேசையில் இருந்த போன்கள் எல்லாம் அடிக்க ஆரம்பித்தன, காலையிலிருந்து நெட் இல்லை என்று திட்டுவதற்கு.

முருகேசனைக் கம்பளியில் தொட்டில் கட்டி ரோடுவரை தூக்கி வந்து, ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். இறங்கும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் உயிர் போயிற்று. ஆம்புலன்ஸ் அதற்குக் கீழே ஏறி வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் முந்திக் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னாராம்.

மறுநாள் அறிக்கை எழுத வேண்டும். மேலாளர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “மின்னல்னு எழுதுங்க மேடம். பொய் இல்லையே. அந்த வரியைப் பத்தி இப்ப எதுக்கு?” என்றார். மின்னலால் மின்தடை, சேவை பாதிப்பு, சரிசெய்யப்பட்டது என்று எழுதினேன். ஒரு சொல் பொய் கிடையாது. இப்படி உண்மையை மட்டுமே வைத்து எழுதிய பொய் அறிக்கைகளை நீங்களும் நிறையப் பார்ப்பீர்கள், பிள்ளைகளே. எழுதவும் சொல்வார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தோட்டத்து மேனேஜர் போன் செய்தார். “தங்கவேல் அன்னைக்கு உங்களைக் கேட்டுட்டுத்தான் ஆளை ஏத்துனேன்னு சொல்றான். ஏத்தலாம்னு நீங்க சொன்னீங்களாம்மா?”

மேலாளர் எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம். வேலை போய்விடும், கேஸ் வரும், பேர் கெடும் என்று அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடியது.

“லைன் சரியா இருக்குன்னுதான் சார் சொன்னேன். ஆளை ஏத்துறதும் ஏத்தாததும் உங்க ஆட்களோட முடிவு” என்றேன்.

“நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்” என்று வைத்துவிட்டார். ரிங் இல்லாமல் ஆளை ஏற்றக் கூடாது என்ற கட்டுப்பாட்டைப் போட்டவரே மீறிவிட்டார் என்று தங்கவேலைத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் எங்கே போனார், செத்தவருக்கு யார் யார் இருந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தாங்கமாட்டேன் என்று தெரியும்.

அதன் பிறகு நான் செய்த மாற்றங்களைத்தான் நீங்கள் இன்று வேலை முறை என்று படிக்கிறீர்கள். மெஷின் பதில் சொன்னால் மட்டும்தான் அறிவிப்பு, கையால் எழுதிக் கட்டிப்போடக் கூடாது. கரண்ட் துள்ளலுக்காக ஆடாமல் இருக்க, திரும்ப அறிவிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுக்கும்படி வைக்க வேண்டும். மலையில் அங்கங்கே சின்னப் பெட்டி வைத்து, வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் இருந்தே கேட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஊரிலிருந்து புகாரே வரவில்லை என்றால் முதலில் அந்த ஊரைத்தான் பார்க்க வேண்டும். நல்ல வேலை என்று என்னைப் பாராட்டினார்கள். எதனால் செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கே நன்றாகத்தான் வருகிறது என்று உங்களில் யாராவது ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டால், ஓய்வு பெற்றவள் என்றும் பார்க்காமல் வந்து சண்டை போடுவேன்.

ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், ஒரு நாள் தேவாரத்துக்குப் பஸ் ஏறினேன். மரம் கவாத்து செய்யும்போது விழுந்து இறந்த முருகேசன் வீடு எது என்று கேட்டுப் போனேன். அவர் மனைவி பேச்சியம்மாள் வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். உட்காரச் சொன்னார். மெஷினைப் பற்றி அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லி, காலையில் வந்த போனைச் சொல்லி, நான் பேசிய பேச்சை ஒன்றுவிடாமல் சொன்னேன். பின்னால் மேனேஜரிடம் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். “அப்ப தங்கவேலு உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் ஏத்துச்சா?”

“ஆமாம்மா. பாறை ஏறி வந்து கேட்டார். நான்தான் தாராளமா ஏத்துங்கன்னு சொன்னேன்.”

முறத்தைக் கீழே வைத்தார். “தங்கவேலு எங்கூடப் பொறந்த அண்ணன். எம்பிள்ளை தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுச்சு, கம்பெனிக்கார அம்மாகிட்ட கேட்டேன்னு. அந்தம்மா அப்படிச் சொல்லவே இல்லைன்னுட்டாகன்னு தோட்டத்துல சொன்னாக. எம்புருசனையும் கொன்னுட்டு இப்பப் பொய்யும் சொல்றியான்னு, வாசல்ல நிக்கவச்சே வெரட்டி விட்டுட்டேன்.”

“இப்ப எங்கே இருக்காரும்மா? நான் போய்ப் பார்த்து…”

“போன தையில செத்துப்போச்சு. வீட்டுக்கே ஆள் வந்து கூப்பிட்டாக. நான் போகலை. கடைசியா மொகத்தைக்கூடப் பாக்கலை.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“பொய் சொல்லலைல்ல எங்கண்ணன்?”

“சொல்லலைம்மா” என்றேன்.

மறுபடியும் அதையே கேட்டார். நான் எழுந்து கிளம்புகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.